வசந்த காலத்தில் வீட்டுத் தோட்டம்: பாத்திக்கு ஒரு குடம்

(கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் எழுதியது)

திருத்தணிகை மலையிலுள்ள சுனையில் இந்திரன் கருங்குவளைக் கொடியை நட்டு, அதன் மலர்களைக் கொண்டு நாள்தோறும் முருகப் பெருமானைப் பூசித்தான் என்று தலபுராணம் கூறும். தேவராஜனும் நீருள்ள இடத்தைப் பார்த்தே கொடியை நட்டான் என்பது இதனால் விளங்கும். வீட்டுத் தோட்டம் போட விரும்பும் நாம் முதலாவது கற்க வேண்டிய பாடம் இதுவே. எத்தனை சென்ட் நிலம் இருக்கிறது என்று கேட்பதற்கு முன்னர், எத்தனை குடம் நீர் இருக்கிறது என்று கேட்டல் வேண்டும்.

நமது வசந்தமும் சீமை வசந்தமும்

தோட்டக் கலையைப் பற்றிய ஆங்கில நூல்களில் வசந்த காலமே விதைப்புக்கு உத்தமமான காலம் என்று எழுதப்பட்டிருக்கும். அத்தேசங்களுக்கு அது முற்றிலும் உண்மையே. அங்கே பனி உருகி, மண் இளகி, அவ்வப்போது மழையும் பெய்துகொண்டிருக்கும். இரண்டாவது உலக யுத்த காலத்தில் இங்கிலாந்து தேசத்து ஜனங்கள் புல்தரைகளையும் பூந்தோட்டங்களையும் கொத்திக் காய்கறி பயிரிட்டது அந்நாட்டுப் பருவத்திற்கு இசைந்த காரியம். நமது திருத்தணிப் பிரதேசத்திலோ ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்யும் வடகிழக்குப் பருவ மழையே ஏரிகளையும் கிணறுகளையும் பெரும்பாலும் நிரப்புவது. மாசி பிறந்தது முதல் கிணற்று நீர் இறங்கிக்கொண்டே போகும். சித்திரை, வைகாசியில் வானிலை இலாகாவார் வெளியிடும் உஷ்ணக் கணக்கில் திருத்தணியின் பெயர் 40 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட ஊர்களின் வரிசையில் அடிக்கடி காணப்படுகிறது. ஆகவே நமக்கு வசந்தம் என்பது தோட்டத்தைப் பெருக்கும் காலமன்று. உள்ள நீருக்குத் தக்கபடி அதைச் சுருக்கி, அச்சுருக்கத்திற்குள் நிறைந்த பலனை அடையும் காலமாம்.

இதனை நான் புத்தகத்தினின்றும் கற்கவில்லை. என்னுடைய பிழையினின்றே கற்றேன். அதனை மறைக்காமல் இங்கே எழுதுவது பிறர்க்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.

ஒரு பிழையின் வரலாறு

ஐவர் அடங்கிய ஒரு குடும்பத்திற்கு வருஷம் முழுவதும் வேண்டிய காய்கறிகளை விளைவிக்க 5 சென்ட் நிலம் போதும் என்பது பொதுவாகப் பிரசாரம் செய்யப்படும் திட்டம். சில வருஷங்களுக்கு முன் நான் இதனை அப்படியே மனனம் செய்துகொண்டு, இத்தாலுகாவிலுள்ள ஒரு கிராமத்தில் மகளிர் குழுக் கூட்டத்தில் விரிவாகப் பேசினேன். கூட்டத்திலிருந்த ஓர் அம்மாளின் வீட்டுக்குப் பின்புறம் சரியாக 5 சென்ட் இடம் காலியாக இருந்தது. வேலிக்கும் விதைக்கும் ரப்பர் குழாய்க்குமாக ஒரு சிறு கடனுக்கு நானே சிபாரிசு செய்தேன். தை மாதக் கடைசியில் இடம் முழுவதும் கொத்தி, பாத்தி பிடித்து, கத்தரி, தக்காளி, வெண்டை, அவரை, கீரை எல்லாம் போட்டார்கள். மாசி மாதத்தில் அத்தோட்டத்தைப் பார்த்தவர்கள் யாவரும் மெச்சினார்கள். நானும் பெருமையடைந்தேன்.

சித்திரை மாதம் ஒரு பள்ளி நாளில் அவ்வூருக்குத் தணிக்கைக்குச் சென்றேன். காலை 10 மணிக்கு அவ்வீட்டுப் பெண் குழந்தை, 12 வயதிருக்கும், தெருக் கைப்பம்பினருகே குடத்தை வைத்துக்கொண்டு வரிசையில் நின்றிருந்தாள். வீட்டுக் கிணறு பங்குனியிலேயே அடிமண் கண்டுவிட்டது என்றும், பதினைந்து நாளாக அப்பெண் பள்ளிக்குச் செல்லாமல் தோட்டத்திற்கு நீர் சுமக்கிறாள் என்றும் அறிந்தேன். அவ்வளவு சுமந்தும் தக்காளி பூவுதிர்ந்து நின்றது. கத்தரி சுருண்டு கிடந்தது. கடன் மாத்திரம் வாடாமல் இருந்தது.

அந்த அம்மாள் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. "ஐயா, இவ்வளவுக்கும் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று அன்றைக்கு நீங்களும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை" என்று மட்டும் சொன்னார். அன்று மாலையே பெண்ணைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்றும், தோட்டத்தில் முக்கால் பங்குக்கு மேல் கைவிட்டுவிடலாம் என்றும் முடிவு செய்தோம். பிறகுதான் நானும் அந்த அம்மாளும் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அக்கணக்கை முன்னதாகவே போட்டிருத்தல் வேண்டும்.

நீர்க் கணக்கு

கடுங்கோடையில் நமது பக்கத்து நிலம் நாளொன்றுக்குச் சுமார் 6 முதல் 7 மில்லிமீட்டர் உயரமுள்ள நீரை வெயிலுக்கும் செடிக்குமாக இழக்கிறது. அதாவது, ஒரு சதுர மீட்டருக்கு 6 முதல் 7 லிட்டர் நீர் வேண்டும். நமது வீடுகளிலுள்ள குடம் சாதாரணமாக 15 லிட்டர் கொள்ளும். ஆதலால் ஒரு குடம் நீர் 2 சதுர மீட்டருக்குப் போதுமானது. 7 அடி நீளமும் 3 அடி அகலமுமுள்ள ஒரு பாத்தி 21 சதுர அடி. அது ஏறக்குறைய 2 சதுர மீட்டராகும். எனவே, பாத்திக்கு ஒரு குடம் என்பதே கோடைக்குரிய சூத்திரம். இதனை எழுத்தறியாதாரும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இனி, 5 சென்ட் என்பது 2,178 சதுர அடி. வரப்பு, வழி இவைகளை நீக்காமல் கணக்கிட்டால் அதில் 100 பாத்திகளுக்கு மேல் அடங்கும். நாள்தோறும் 100 குடம்! போரும் மின்சாரப் பம்பும் நீர் வற்றாத கிணறும் உள்ளவர்களுக்கு இது எளிது. தலையிலும் இடுப்பிலும் சுமக்கும் குடும்பத்திற்கு இது தண்டனையே. அந்தச் சுமையும் பெரும்பாலும் வீட்டு ஸ்திரீகள் மேலும் பெண் குழந்தைகள் மேலும் விழுகிறது என்பதை நாம் மறத்தலாகாது.

மேற்படி அம்மாளின் வீட்டில் மூன்று நாள் நீரை அளந்து பார்த்தோம். அரிசி, காய்கறி கழுவிய நீர் 1 குடம். பாத்திரம் அலம்பிய கடைசி நீர் 2 குடம். தெருக் குழாயில் சிரமமின்றிக் கூடுதலாகப் பிடிக்கக்கூடியது 4 குடம். ஆக 7 குடம். ஆகவே 7 பாத்தி. இது 147 சதுர அடி, அதாவது ஒரு சென்டில் மூன்றிலொரு பங்குதான். ஐவர் குளித்த நீர் சுமார் 5 குடம் இக்கணக்கில் சேராமல் தனியே நின்றது. அதன் உபயோகத்தைப் பின்னர்க் கூறுவோம். அடுத்த வருஷம் அந்த அம்மாள் 7 பாத்திகளே போட்டார். அக்கோடையில் ஒரு பாத்தியும் காயவில்லை. பெண்ணும் ஒரு நாளும் பள்ளிக்குத் தவறவில்லை.

பாத்தி அமைத்தல்

மழைக் காலத்தில் மேட்டுப் பாத்தியும், கோடையில் தாழ்ந்த பாத்தியும் போடுதல் முறை. நிலமட்டத்துக்கு 3 அங்குலம் தாழ்வாகப் பாத்தியைத் தோண்டி, சுற்றிலும் வரப்பு அணைத்தால், ஊற்றிய நீர் ஓடிவிடாமல் வேரடியிலேயே இறங்கும். ஒவ்வொரு பாத்திக்கும் நன்றாக மக்கிய எரு இரண்டு கூடை கலத்தல் வேண்டும். பச்சைச் சாணத்தை இடலாகாது. அது வேரைச் சுடுவதுமன்றிக் கறையானையும் புழுவையும் வரவழைக்கும். வீட்டுக் குப்பை, இலை, சாணம், சாம்பல் இவற்றை அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் குறையாமல் புரட்டி மக்க வைக்கும் முறையை ஆல்பர்ட் ஹவார்டு என்னும் துரை 1924 முதல் 1931 வரை இந்தூரில் ஆராய்ந்து உலகத்திற்கு அறிவித்தார். நமது குடியானவர்கள் வழக்கமாகச் செய்துவந்ததையே அவர் ஒழுங்குபடுத்தினார் எனலாம்.

அடுத்தபடியாக, மூடாக்கு மிகவும் முக்கியமானது. திறந்த மண்ணிலிருந்து வெயில் குடிக்கும் நீரை இது காக்கும். திருவாலங்காட்டிலுள்ள திருத்தணிக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு அனுப்பும் கிராமங்களில் கரும்புச் சோகையைத் தோட்டத்திலேயே கொளுத்திவிடுகிறார்கள். இது பெருத்த நஷ்டம். அச்சோகையை நறுக்கி 3 அங்குல கனத்துக்குச் செடிகளின் இடையே பரப்பினால் ஈரம் நிற்கும், களையும் அடங்கும். வேர்க்கடலைத் தொட்டியும் அவ்விதமே உதவும். தண்டைத் தொடாமல் நான்கு விரற்கடை விட்டுப் பரப்புதல் வேண்டும். கறையான் கண்டால் உடனே அகற்றிவிடல் வேண்டும்.

நீரை விடியற்காலையிலோ, சூரியன் சாய்ந்த பின்னரோ வார்க்க வேண்டும். விரலை மண்ணில் இரண்டு கணு ஆழம் செலுத்திப் பார்த்து, ஈரம் பட்டால் அன்று வார்க்க வேண்டுவதில்லை. மிச்சமான குடம் மற்றொரு பாத்திக்கு ஆகும்.

எந்தெந்தப் பயிர்

ஏழு பாத்திகளுள் மூன்று கீரைக்கு, இரண்டு வெண்டைக்கு, ஒன்று கொத்தவரைக்கு, ஒன்று கத்தரிக்கு என்று பிரித்துக்கொள்ளலாம்.

கீரை: சிறுகீரையும் முளைக்கீரையும் 25 நாளில் பறிப்புக்கு வந்துவிடும். மூன்று பாத்திகளிலும் ஒரே நாளில் விதைத்தலாகாது. எட்டு நாளுக்கொரு பாத்தியாக விதைத்தால் முறை தவறாமல் கீரை கிடைக்கும். அரைக்கீரையை வேருடன் பிடுங்காமல் கிள்ளி எடுத்தால் மீண்டும் மீண்டும் துளிர்க்கும். விதை மிகச் சிறியதாகையால் பத்து மடங்கு மணலுடன் கலந்து தூவ வேண்டும். நமது ஊர் 1911 முதல் சித்தூர் ஜில்லாவில் இருந்து, 1960 ஏப்ரல் முதல் தேதி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்ததாகையால், தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் வழங்குவதை யாவரும் அறிவர். தெலுங்கு பேசும் வீடுகளில் கோங்கூரா என்று பிரியமாகச் சமைக்கும் புளிச்ச கீரை வெயிலுக்கு அஞ்சாதது. மற்றக் கீரைகள் தளரும் சித்திரையில் அதனை ஒரு பாத்தியில் போடுதல் நலம்.

வெண்டை: விதையை ஓரிரவு நீரில் ஊறவைத்து, மாசி முதல் வாரத்தில் வரிசைக்கு வரிசை ஒன்றரை அடியும், செடிக்குச் செடி ஓரடியும் விட்டு ஊன்ற வேண்டும். ஒரு பாத்தியில் 14 செடிகள் நிற்கும். 45 நாளில் காய்ப்பு ஆரம்பிக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தல் வேண்டும். முற்றவிட்டால் செடி பூப்பதைக் குறைத்துவிடும். இலை நரம்பு மஞ்சளாகித் தோன்றும் நோய் கோடையில் மிகுதி. இதனை வெள்ளை ஈ பரப்புகிறது. அவ்விதச் செடியைக் கண்டவுடன் இரக்கமின்றிப் பிடுங்கிவிட வேண்டும். மருந்து தேடுவது வீண்.

கொத்தவரை: இது வறட்சியைப் பொறுப்பதில் சிறந்தது. நீர் ஒருநாள் தவறினாலும் முகம் வாடாது. நிலத்திற்கும் உரம் சேர்க்கும்.

கத்தரி: தை மாதத்திலேயே நாற்று விட்டு, 30 முதல் 35 நாளான நாற்றை மாலை வேளையில் நடவேண்டும். நுனித்தண்டு வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது என்று அறிந்து, அதைக் கிள்ளி எடுத்து அழித்துவிட வேண்டும். அதனை வாரமிருமுறை செய்துவந்தால் காய் சொத்தையாவது பெரிதும் குறையும்.

தக்காளியைக் கோடையில் புதிதாக நடுவது விரும்பத்தக்கதன்று. வெப்பம் 35 டிகிரிக்கு மேற்படின் அதன் பூ பிஞ்சாகாமல் உதிர்ந்துவிடுகிறது. என்னுடைய சிபாரிசில் பூவுதிர்ந்த தக்காளிக்கு இதுவும் ஒரு காரணம், நீர்க்குறைவு மட்டுமன்று.

பந்தற் கொடிகள்: புடல், பாகல், பீர்க்கு ஆகியவற்றில் ஒன்றையோ இரண்டையோ தை மாதத்தில் குழியில் ஊன்றிக்கொள்ளலாம். ஆரம்பத்தில் ஆண் பூக்களே மிகுந்திருக்கும்; உஷ்ணம் ஏறினாலும் அவ்விதமே. அதனால் மனந்தளர வேண்டுவதில்லை. கொடிகளுக்கு நீர் வார்க்கப் பழைய மண்பானை ஒன்றைக் கழுத்தளவு குழியில் புதைத்து, நீர் நிரப்பி, வாயைச் சட்டியால் மூடிவைத்தல் மிகவும் சிக்கனமான உபாயம். பானையின் மேனி வழியே நீர் கசிந்து வேருக்கு மாத்திரம் சேரும். சீன தேசத்தில் 2,000 வருஷங்களுக்கு முன் இயற்றப்பட்ட உழவு நூலொன்றில் இம்முறை சொல்லப்பட்டிருக்கிறது. மூடாத பானையில் கொசு முட்டையிடும். டெங்குச் சுரம் பரப்பும் கொசுவும் இவ்வித நீரிலேயே வளருவதால் மூடி அவசியம்.

குளித்த நீரின் உபயோகம்

சோப்பு கலந்த நீரைக் கீரைப் பாத்திக்கு விடலாகாது. ஆனால் அதனைச் சாக்கடையில் விட்டுக் கொசுவை வளர்ப்பதும் கூடாது. குளியலறை நீர் வெளிவரும் இடத்தில் இரண்டடிக் குழி எடுத்து, ஜல்லியும் மணலும் இட்டு, ஓரத்தில் கல்வாழை நட்டுவிட்டால் நீர் ஓரளவு தெளியும். அங்கிருந்து வாய்க்கால் கீறி, வாழை, பப்பாளி, முருங்கை, கறிவேப்பிலை ஆகியவற்றிற்குப் பாய்ச்சலாம். இவற்றின் காயும் இலையும் மண்ணையும் நீரையும் தொடாமல் உயரத்தில் இருப்பதால் அச்சமில்லை. துணி வெளுக்கும் தூள் மிகுதியாகக் கலந்த முதல் நீரை மட்டும் விலக்க வேண்டும்; அது நாளடைவில் மண்ணை உவராக்கும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியார் வெளியிட்ட செடி முருங்கை விதையால் முளைத்து ஆறு மாதத்தில் காய்க்கும். வேலியோரத்தில் கோவைக் கொடி ஒன்றைத் தண்டு வெட்டி நட்டால் அது பல வருஷம் காய் கொடுக்கும்.

கத்திரி வெயிலில் செய்யத்தக்கது

மே மாதம் 4-ந் தேதி வாக்கில் கத்திரி தொடங்கும். அதற்குள் வெண்டையும் கீரையும் பெரும்பலன் கொடுத்துத் தீர்ந்திருக்கும். அப்பொழுது ஏழு பாத்திகளை மூன்றாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். மற்ற நான்கையும் எருவிட்டுச் சோகையால் மூடி ஆடிப் பட்டம் வரையில் உறங்கவிடலாம். இதனைத் தோல்வி என்று கருதலாகாது. வட்டி ஏறும் காலத்தில் கடனைக் குறைப்பவனே புத்திசாலி.

விதையும் கூட்டுறவும்

இந்தியாவில் கூட்டுறவு நாணயச் சங்கச் சட்டம் 1904-ல் ஏற்பட்டது. அவ்வருஷத்திலேயே சென்னை மாகாணத்தின் முதல் கிராமச் சங்கம் நமக்கு அணித்தாயுள்ள திரூரில் ஸ்தாபிக்கப்பட்டது. சிக்கனமும் பரஸ்பர உதவியுமே அவ்வியக்கத்தின் உயிர். வீட்டுத் தோட்டத்திற்கும் அவ்விரண்டே போதும். சிறு தோட்டத்துக்குக் கடன் வேண்டுவதேயில்லை என்பது இப்பொழுது என் அபிப்பிராயம்.

ஒரு தெருவில் ஏழெட்டு வீட்டார் சேர்ந்து, ஒவ்வொரு வீட்டாரும் ஒவ்வொரு பயிரின் விதையைக் காக்கும் பொறுப்பை ஏற்கலாம். ஒருவர் வெண்டை, ஒருவர் பாகல், ஒருவர் அரைக்கீரை என்று பிரித்துக்கொண்டால் விதை கலப்பதும் குறையும். வருஷந்தோறும் கடையில் வாங்கும் செலவும் நீங்கும். செடியின் முதற்காயையும் கடைசிக் காயையும் விட்டு, நடுவில் காய்த்த நல்ல காயை விதைக்கு நிறுத்த வேண்டும். நிழலில் உலர்த்திச் சாம்பல் கலந்து புட்டியில் அடைத்து வைக்கலாம். வீரிய ஒட்டு விதையில் விளைந்ததை மட்டும் இவ்விதம் எடுத்து வைப்பதில் பயனில்லை. மறு வருஷம் குணம் மாறிவிடும்.

ஆகார விஷயம்

2019-21 ஆம் வருஷத்துத் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டு ஸ்திரீகளில் பாதிப் பேருக்கு மேல் இரத்தச் சோகையுள்ளவர்கள். கீரையிலும் முருங்கையிலையிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் எளிதில் ஏற்க, எலுமிச்சையோ நெல்லிக்காயோ உடன் சேர்த்தல் வேண்டும். உண்டவுடன் தேநீர் அருந்துவதை ஒழித்தல் வேண்டும். கீரையை நறுக்கிய பின் கழுவாமல், கழுவிய பின் நறுக்குக. வீட்டிலுள்ளோர் யாவர்க்கும் இட்டபின் மிஞ்சியதை உண்ணும் வழக்கமுள்ள தாய்மார், தாம் வளர்த்த கீரையில் தமக்குரிய பங்கை முதலிலேயே எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நினைவிற் கொள்ளத்தக்கவை

1. மூன்று நாள் நீரை அளந்த பின்னரே பாத்தி போடுக.
2. கோடையில் 7 அடிக்கு 3 அடிப் பாத்திக்கு ஒரு குடம் நீர்.
3. தாழ்ந்த பாத்தி, மக்கிய எரு, சோகை மூடாக்கு ஆகிய மூன்றும் அவசியம்.
4. சமையலறை நீர் பாத்திக்கு; குளித்த நீர் மரங்களுக்கு.
5. கத்திரிக்கு முன் பாத்திகளைக் குறைத்துக்கொள்க.
6. வீட்டுக் குழந்தை நீர் சுமக்கப் பள்ளியை விடும்படி நேர்ந்தால் அத்தோட்டம் அளவுக்கு மிஞ்சியது என்று அறிக.

கிராமங்களுக்குச் செல்லும் என் போன்ற உத்தியோகஸ்தர்களுக்கும் ஒரு வார்த்தை. திட்டத்தை விளக்குமுன் அவ்வீட்டுக் குடங்களை எண்ணுங்கள். அக்கணக்கு அரை மணி நேரத்து வேலை. அதனை ஒருமுறை செய்யாமல் விட்டதனால் ஒரு குழந்தையின் படிப்பில் பதினைந்து நாள் போயிற்று.

அந்த 7 பாத்தித் தோட்டம் இன்றும் இருக்கிறது. சென்ற தடவை நான் போயிருந்தபோது அந்த அம்மாள் ஒரு கட்டு அரைக்கீரையும், காகிதத்தில் மடித்த விதையும் கொடுத்தார். விதையை அடுத்த கிராமத்துக் குழுவினரிடம் சேர்ப்பித்தேன். பாத்திக் கணக்கையும் உடன் சொல்லிக்கொடுத்தேன்.